செல்ஃப் எடுக்காதீங்க

தண்ணீரில் நின்றுபோன வண்டிக்காகப் போன் வந்தால், இடத்தைக் கேட்பதற்கு முன்னால் சாவியைத்தான் கேட்பேன். "சாவி எங்க இருக்கு? கழட்டி சட்டைப் பையில போட்டுக்குங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் செல்ஃப் எடுக்கக் கூடாது." பாதிப் பேர் அதற்குள் எடுத்துப் பார்த்திருப்பார்கள். "சும்மா ரெண்டு தடவைதாண்ணே" என்று குரல் இறங்கும்போதே, இன்ஜினைக் கீழே இறக்குகிற வேலையா, ஆயில் மாற்றி அனுப்பிவிடுகிற வேலையா என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். தண்ணீருக்குள் கெட்டுப்போகிற வண்டி குறைவு. வெளியே எடுக்கிற அவசரத்திலும், எடுத்த பிறகு வருகிற ஆர்வத்திலும் மனிதர்கள் கெடுக்கிற வண்டிதான் அதிகம்.

திருத்தணியில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு இப்படியொரு வேலை வருமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அவர்கள் அறிந்த திருத்தணி, மலையும் 365 படிகளும் சித்திரை மாத வெயில் செய்தியும்தான். ஊரை ஒட்டிப் போகும் நந்தி ஆற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணலும் முள்செடியும் இருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆறும் நகரிப் பக்கமிருந்து இறங்கும் நகரி ஆறும் அப்படித்தான். அதனாலேயே இங்கே வண்டிகள் மூழ்குகின்றன. ஆற்றைத் தண்ணீரோடு பார்த்துப் பழகியவன் தண்ணீரைப் பார்த்தால் நிற்பான். கோடை முழுக்க அதே மணலில் வண்டி ஓட்டியவனுக்கு அது பாதை. பாதையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது என்றுதான் அவன் கண் சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லைக்கோடு மாறி, சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. மேலே மழையைப் பிடித்து நிறுத்துகிற கிருஷ்ணாபுரம் அம்மப்பள்ளி அணை ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே மதகைத் திறந்தால் நனைவது பள்ளிப்பட்டு. நெடியம், சாமந்தவாடா போன்ற இடங்களில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும்போது எங்கள் பக்கம் வானம் வெளுத்து, வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும். ஆட்டோவில் மைக் கட்டி எச்சரிக்கிறார்கள்தான். ஆனாலும் மழையே இல்லாத நேரத்தில் வெள்ளம் என்றால் யார் நம்புவார்கள்? மூழ்கிய வண்டியின் கூரையில் நின்றுகொண்டு, "மழையே பெய்யலையேண்ணே" என்று என்னிடம் நியாயம் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

2021 நவம்பரில் அப்படி இல்லை, மழை எல்லா இடத்திலும் பெய்தது. 19ஆம் தேதி அதிகாலை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையில் கரையைக் கடந்தது. முந்தின நாளே திருப்பதி நகரம் மிதந்தது. கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையே உடைந்துபோனது. அந்த மாதம் முழுக்க எங்கள் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. நாற்றம் தெருமுனை வரைக்கும் போனது. ஆற்றுச் சேற்றில் ஊறிய சீட் பஞ்சுக்கு ஒரு நாற்றம் உண்டு. மூன்று மாதம் வெயிலில் வைத்தாலும் முழுக்கப் போகாது.

பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிதான் தண்ணீரில் அதிகம் அடிபடும் என்றால் பலரும் நம்பமாட்டார்கள். பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். ஒயரும் காயிலும் நனைந்தவுடன் இருமி நின்றுவிடும். நின்றது அதன் நல்ல காலம். பழைய டீசல் இன்ஜினுக்குப் பொறி தேவையில்லை, காற்றும் டீசலும் போதும். பானட் வரை தண்ணீர் ஏறினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஏர் கிளீனர் வாய்க்குத் தண்ணீர் எட்டும் கணம் வரை ஓடும். எட்டியதும் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். பிஸ்டன் மேலே வருகிறது, காற்று என்றால் சுருங்கிக்கொடுக்கும், தண்ணீர் சுருங்காது. 2.4 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் ஏறக்குறைய 30 சி.சி.தான். டீக்கடைக் கிளாஸில் கால் பங்கு. அந்த அளவுக்கு மேல் உள்ளே தண்ணீர் இருந்தால் ஏதாவது ஒன்று வளைந்தாக வேண்டும், கனெக்டிங் ராடு வளையும்.

இன்ஜின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது குடித்தால் ராடு அங்கேயே வளையும், சமயத்தில் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாகப் போய், மூச்சுத் திணறி, தானாக நின்ற இன்ஜினில் ராடு பெரும்பாலும் நேராகவே இருக்கும். நின்ற பிறகு சைலன்சர் வழியாகவும் ஏர் கிளீனர் வழியாகவும் தண்ணீர் நிதானமாக உள்ளே ஏறி, எந்த வால்வு திறந்திருக்கிறதோ அந்த சிலிண்டரில் உட்கார்ந்திருக்கும். அதுவரை ஒரு கேடும் இல்லை. அந்த நேரத்தில் செல்ஃப் எடுத்தால்தான் கேடு. பல தடவை செல்ஃப் மோட்டார் 'டக்' என்று முட்டி நின்றுவிடும், அதிர்ஷ்டம். தண்ணீர் இல்லாத சிலிண்டர் ஒன்று பற்றிக்கொண்டால், அந்த வேகத்தில் பக்கத்து ராடு போச்சு. செல்ஃபைவிட மோசமானது கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது. டிராக்டரில் கயிறு கட்டி, கியரைப் போட்டு, "இழு இழு" என்று இழுக்கிறார்களே, அங்கே முட்டி நிற்க இடமே இல்லை. இரண்டு டன் வண்டியின் வேகம் முழுக்க அந்த ராடின் மேல் இறங்கும்.

அந்த நவம்பரில் வந்த ஒரு வேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய டெம்போ ட்ராக்ஸ், ஃபோர் பை ஃபோர். கல்குவாரிக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வேன். அதில் இருந்தது பென்ஸ் இன்ஜின். பெருமைக்காகச் சொல்லவில்லை. மெர்சிடிஸின் ஓ.எம். 616 இன்ஜினை பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கி இங்கேயே செய்து ட்ராக்ஸிலும் டிராவலரிலும் போட்டது. 1970களில் 240டி என்று வெளிநாட்டில் டாக்சியாக ஓடிய காரில் இருந்த அதே இன்ஜின். 2005இல் கம்பெனியின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது, எங்கள் பக்கம் இன்னும் டெம்போதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. மெக்கானிக் தப்பு செய்தாலும் மன்னிக்கிற இன்ஜின்.

டிரைவர் நகரிப் பக்கத்துக்காரர். "அன்னா, பண்டி நீள்ளலோ ஆகிபோயிந்தி" என்றார் போனில். சாவியைக் கேட்டேன். வண்டி நின்றதும் பயந்து இறங்கியவர், பழக்கத்தில் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டாராம். மூழ்குகிற வண்டிக்குப் பூட்டு எதற்கு என்று கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். முதலாளி வேறு வந்து, "சாவியக் குடுய்யா, ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்" என்று நிற்கிறார். "மேஸ்திரி வந்தப்புறம் குடுக்கறேன்" என்று டிரைவர் இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டார். அந்த வேனைக் காப்பாற்றியது அவர்தான். என் பங்கு அதற்கப்புறம்.

ஃபோர் பை ஃபோர் வண்டி எப்படி மாட்டியது என்று முதலாளிக்கு ஆச்சரியம். நாலு சக்கரமும் இழுக்கும், சரி. இழுக்கத் தரை வேண்டுமே. ட்ராக்ஸ் மாதிரிப் பெட்டி வடிவ வேனில் தளத்துக்கு மேல் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஏறும்போதும் அரை டன்னுக்குக் குறையாமல் தூக்கும், உள்ளே தண்ணீர் புகாத வரை. டயரின் மேல் எடை குறையக் குறையப் பிடிப்பும் போகும், ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். கதவு ரப்பர் நைந்துபோன பழைய வண்டிக்கு இதில் ஒரு வசதி, தண்ணீர் சீக்கிரம் உள்ளே வந்து வண்டியைத் தரையில் உட்கார வைத்துவிடும். ரப்பர் நன்றாக இருக்கிற புது வண்டிதான் முதலில் மிதக்கும். கம்பெனிக்காரர்களே அளவு சொல்லித்தான் விற்கிறார்கள்: மஹிந்திரா தாருக்கு 650 மில்லிமீட்டர், கூரை வரை காற்றுக்குழாய் வைத்து வரும் ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700. அதுவும் அசையாத தண்ணீரில், நடை வேகத்தில். 700 மில்லிமீட்டர் என்றால் ஓர் ஆளின் தொடை நடுவு வரைக்கும்தான். விளம்பரப் படத்தில் இருபுறமும் அலை பறக்கப் பாய்கிற வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், மெக்கானிக்குக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறார்கள்.

தண்ணீரிலிருந்து வண்டியை எடுப்பது முக்கால்வாசி தோண்டுகிற வேலை. ஆற்று மணல் ஓடுகிற தண்ணீரோடு சேர்ந்து சக்கரத்தைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்படியே இழுத்தால் வண்டி வராது, ஷேக்கில் பிளேட்டோ கொக்கியோதான் வரும். தண்ணீர் குறைகிற வரை காத்திருக்கச் சொன்னேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ஓடுகிற வெள்ளத்தில் ஆளை இறக்கமாட்டேன் என்பதில் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. முழங்காலுக்குக் கீழே இறங்கிய பிறகு போனோம். முதலில் பானட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினோம். எல்லாக் கதவையும் திறந்துவிட்டோம். உள்ளே நிற்கிற தண்ணீர் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ, அதையும் சேர்த்து எதற்கு இழுக்க வேண்டும்? கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுதலை. நாலு சக்கரத்துக்கும் பின்னால் மண்வெட்டியால் சரிவாக வழி எடுத்தோம். போன வழியே திரும்பி எடுப்பதுதான் எப்போதும் சரி. போன வழியில் தரை இருந்தது என்று வண்டியே காட்டியிருக்கிறது, எதிர்ப்பக்கம் என்ன பள்ளம் என்று யாருக்குத் தெரியும்?

டிராக்டரைக் கரையில் நிறுத்தி, கப்பி போட்டு இழுத்தோம். கொக்கியைச் சேசிஸில்தான் மாட்ட வேண்டும். பம்பரில் மாட்டினால் பம்பர் மட்டும் கரைக்கு வரும். ஸ்டீல் கயிறு என்றால் நடுவில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்றைப் போர்த்திவிடுவேன், கயிறு அறுந்தால் வீசியடிக்கிற வேகத்தை அது அடக்கும். கயிறு நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விலக்குவதுதான் இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான பகுதி. செல்போனைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி ஓடிவருவார்கள்.

பட்டறைக்கு வந்ததும் ஸ்பேனரை எடுப்பதில்லை, ஓஸ் பைப்பைத்தான் எடுப்போம். சேறு காய்வதற்குள் ரேடியேட்டர், பிரேக் டிரம், சேசிஸ் இடுக்கு எல்லாம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நனைந்த வண்டியை மறுபடி நனைப்பதா என்று கேட்பார்கள். காய்ந்த வண்டல் ரேடியேட்டர் சல்லடைக்குள் இறுகிவிட்டால் அப்புறம் கோடையில் இன்ஜின் கொதிக்கும். அப்போது யாருக்கும் வெள்ளம் ஞாபகம் வராது.

அடுத்தது ஏர் ஃபில்டர். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான். மூடியைத் திறந்து பேப்பரைத் தொட்டுப் பார்க்கும்போது பாதி விஷயம் தெரிந்துவிடும். உலர்ந்திருந்தால் இன்ஜின் குடிக்கவில்லை. அடிப்பாகம் மட்டும் ஈரம் என்றால் சந்தேகம். மடிப்பு மடிப்பாகச் சேறு ஏறி, உள்பக்கக் குழாயிலும் ஈரம் இருந்தால் குடித்திருக்கிறது. ட்ராக்ஸில் ஃபில்டர் நன்றாகவே நனைந்திருந்தது. ஆயில் ஸ்டிக்கை உருவினால் பால் விட்ட டீயின் நிறம், நுரையோடு. முதலாளி முகம் வாடியது. ஆயிலில் தண்ணீர் கலந்தது ஒன்றும் பெரிய சாவு இல்லை, அதோடு ஓட்டினால்தான் சாவு என்று சொன்னேன்.

டீசல் பீய்ச்சும் நாலு நாசிலையும் கழற்றினோம். கிராங்க் புல்லி போல்ட்டில் ராடு மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றினேன். நகரியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் இந்த இடத்தில் வேறு யாரையும் பேசவிடமாட்டார். கை சொல்வதைக் கேட்க வேண்டும் என்பார். எங்கேயாவது முட்டுகிறதா, உரசுகிறதா, ஓர் இடத்தில் மட்டும் கனக்கிறதா என்று கைக்குத் தெரியும். இரண்டாவது சிலிண்டரிலிருந்தும் மூன்றாவதிலிருந்தும் தண்ணீர் பொங்கி வழிந்தது. முட்டவில்லை. இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகு, நாலு துளையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி அப்படியே விட்டோம். பிஸ்டன் ரிங்கும் லைனரும் துருப்பிடிக்க ஓர் இரவு போதும். வெள்ளம் புகுந்த வண்டியை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைத்து, இன்சூரன்ஸ்காரர் வரட்டும் என்று காத்திருந்து, கடைசியில் ரிங் லைனரோடு ஒட்டிப்போய் வந்த இன்ஜின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போட்டோ எடுத்துக்கொண்டு, சர்வேயரிடம் போனில் சொல்லிவிட்டு, இந்த ஒரு வேலையை மட்டுமாவது அன்றைக்கே செய்துவிடலாம்.

ஆயில் சேம்பர் போல்ட்டைத் திறப்பதில் ஒரு சின்னப் பக்குவம் இருக்கிறது. வண்டியை ஓர் இரவு அசைக்காமல் நிறுத்தினால் கலந்த தண்ணீரில் ஒரு பகுதி பிரிந்து அடியில் தங்கும், ஆயில் மேலே நிற்கும். காலையில் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் தனியாக வரும். எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அவசரக்காரர்கள் போல்ட்டை முழுக்கக் கழற்றி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டுவிடுவார்கள்.

டீசல் டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தோம். டேங்க்கின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் போயிருந்தது. பம்ப்தான் பெரிய கவலை. எங்கள் பக்கம் எல்லாரும் மைகோ பம்ப் என்பார்கள், அந்தக் கம்பெனி பாஷ் என்று பெயர் மாறிப் பல வருஷமாகியும். அதற்குள் இருக்கும் பிளஞ்சர் தலைமுடி கனம்கூட இடைவெளி இல்லாமல் ஓடுவது. ஒரு சொட்டுத் தண்ணீர் இரண்டு நாள் தங்கினால் துரு, அப்புறம் பம்ப் கடைக்காரர் சொல்வதுதான் விலை. ஃபில்டர் இரண்டையும் மாற்றி, கை பம்ப் அடித்து, சுத்தமான டீசலால் லைன் முழுக்கக் கழுவி, ஏர் எடுத்தோம். செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் பிரித்து, சேறு துடைத்து, வெயிலில் வைத்தோம். கார்த்திகை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? எலெக்ட்ரீஷியன் நூறு வாட் குண்டு பல்பைப் பெட்டிக்குள் எரியவிட்டு அதில் காய வைப்பார். இந்தக் காலத்தில் குண்டு பல்பு கிடைப்பதே கஷ்டம் என்று ஒவ்வொரு மழைக்கும் புலம்புவார்.

அதற்கப்புறம்தான் சாவி. அதுவும் நாசில் மாட்டாமலே. டிரைவரைக் கூப்பிட்டு அவரையே திருப்பச் சொன்னேன். நாலு துளையிலிருந்தும் கறுப்புத் தண்ணீரும் ஆயிலும் கூரை வரை பீய்ச்சியடித்தன. துளை வெறும் காற்றை ஊதுகிற வரை விட்டுவிட்டுச் செல்ஃப் எடுத்தோம். கம்ப்ரெஷன் பார்த்தோம், நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. ராடு வளைந்திருந்தால் அந்தப் பிஸ்டன் உச்சிக்கு வராது, கேஜில் குறைத்துக் காட்டும். நாசில் மாட்டி, விலை குறைந்த ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்தோம். முதலில் வெள்ளைப் புகை, தெரு முழுக்க. ஸ்லோவில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சூடாக இருக்கும்போதே அந்த ஆயிலைக் கீழே விட்டோம். மறுபடி ஊற்றி, மறுபடி விட்டோம். ஸ்டிக்கில் நிறம் தெளிந்த பிறகு நல்ல ஆயில்.

முதலாளிகள் கிளம்புகிற நேரம் இதுதான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, இனி என்ன என்பார்கள். எனக்கோ வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். ஓடி வந்த வண்டியின் ஆக்சில் நடுவிலுள்ள கிரௌன் ஹவுசிங் சூடாக இருக்கும். அது குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். முன் கிரௌன், பின் கிரௌன், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நாலிலும் இதே கதை. வெளியே ஒன்றும் தெரியாது, வண்டி அருமையாக ஓடும். சில மாதம் கழித்து ஏற்றத்தில் ஊளைச் சத்தம் வரும், திறந்து பார்த்தால் பேரிங்கில் குழி குழியாகத் துரு. ஹப் கிரீஸும் அப்படித்தான். பார்க்க கிரீஸாக இருக்கும், விரலில் தேய்த்தால் தண்ணீர் பிரியும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். இந்த வேனில் முன் கிரௌனிலிருந்து வந்தது பெரும்பாலும் தண்ணீர்தான், ஆயில் பேருக்கு இருந்தது. முதலாளியை நிற்க வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் மீதி வேலைக்குப் பணம் கொடுக்கச் சம்மதித்தார்.

அதே வாரத்தில் இன்னொரு வண்டி வந்தது. புதிது, காமன் ரெயில் ஜீப், இதைவிட ஆழம் குறைந்த தண்ணீரில் நின்றது. தண்ணீரில் நின்ற இடத்திலேயே பலமுறை செல்ஃப், அப்புறம் டிராக்டரில் கட்டி இரண்டாவது கியரில் இழுப்பு. ஒரு ராடு வளைந்து, பிஸ்டன் கிராங்கில் தட்டிக்கொண்டிருந்தது. அதன் விஷயத்தை விவரிக்க ஒன்றுமில்லை, இன்ஜினை இறக்கினோம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, பழைய வண்டிதான் வண்டி என்று முடிவு கட்டுகிறவர்கள் எங்கள் பட்டறையிலேயே இருக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு விற்கிற டீசல் வண்டிகளில் பானட்டுக்குள் இருக்கும் கனெக்டர்கள் ரப்பர் சீலோடு வருகின்றன, மழைத் தண்ணீருக்கு அவை அசையாது. மூழ்கினால் வேறு கதை. கண்ட்ரோல் யூனிட், ஏர்பேக் யூனிட், சீட்டுக்கடியில் ஓடும் ஒயரிங் எல்லாம் தரையோடு தரையாக இருக்கும். கனெக்டர் பின் ஒவ்வொன்றிலும் பச்சை பூக்கும். ஒரு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு விளக்கு டேஷ்போர்டில் எரியும். செல்போன் நனைந்தால் அரிசியில் போடுகிறார்களே, அதைப் பார்த்துக் கண்ட்ரோல் யூனிட்டைக் கழற்றி அரிசி மூட்டைக்குள் புதைத்துக் கொண்டுவந்தார் ஒருவர். பின்னுக்குள் புகுந்த தவிட்டுத் தூளை எடுப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. கரண்ட் கொடுக்காமல், சுத்தமான தண்ணீரில் சேற்றை அலசி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நிதானமாகக் காய வைத்தால் பிழைக்கிற யூனிட்டுகள் நிறைய. ஈரத்தோடு சாவியைப் போட்டால்தான் எரிந்துபோகும். இதிலும் சாவிதான்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. முழு இன்சூரன்ஸ் இருந்தால் வெள்ள சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், அது வெள்ளத்தால் ஆனதல்ல, நீங்கள் செய்தது என்று தள்ளிவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் பேசிப் பார்க்கலாம். வளைந்த ராடைப் பார்த்தவுடன் சர்வேயர் கேட்பதும் நான் போனில் கேட்கிற அதே கேள்விதான். பழுது செலவு வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த நஷ்டக் கணக்கில் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட வண்டிகள் நொறுக்கப்படுவதில்லை. ஏலத்துக்குப் போகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நனைந்த கார்கள் பளபளவென்று பாலீஷ் போட்டுக்கொண்டு விலை மலிவாக இந்தப் பக்கமெல்லாம் வந்தன. வாங்குவதற்கு முன்னால் என்னிடம் காட்டச் சொல்வார்கள். நான் இன்ஜினைப் பார்க்கமாட்டேன், அதை எவனும் துடைத்துவைப்பான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பேன். சுருளுக்குள் இருக்கிற பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

குவாரி வேன் இன்னும் ஓடுகிறது. முதலாளி அடுத்த வருஷமே வந்து கூரை வரை காற்றுக்குழாய் வைக்கச் சொன்னார். அதைவிட முதலில் இரண்டு கிரௌன், கியர் பாக்ஸ் எல்லாவற்றின் மூச்சுக்குழாயையும் பானட் உயரத்துக்கு நீட்டிவிடலாம், சில மீட்டர் ரப்பர் ஓஸும் கிளிப்பும்தான் செலவு என்றேன். அது வெளியே தெரியுமா என்று கேட்டார். தெரியாது. அப்படியானால் காற்றுக்குழாயே போதும் என்றார். ஓஸை நான் கணக்கில் சேர்க்காமல் போட்டுவிட்டேன், காற்றுக்குழாய்க்கான பில்லில் கொஞ்சம் கூட்டி. டிரைவரோ குழாய் வந்த பிறகும் தரைப்பாலத்தில் இறங்குவதில்லை. பாலத்தின் மேல் தண்ணீர் ஏறினால் சுற்றுவழியில் போய்விட்டு, கூடுதல் டீசலைக் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறார். இவ்வளவு செலவு செய்து குழாய் வைத்தது எதற்கு என்று முதலாளி தமிழில் கேட்க, அதை அழகாகத் துடைத்து வைத்திருக்கிறேனே என்று அவர் தெலுங்கில் சொல்ல, போன ஐப்பசியில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டது என் பட்டறையில்தான்.